உங்கள் ஏரியிலேயே அரிய பறவைகள்: ஐப்பசி, கார்த்திகையில் எங்கே தேடுவது?

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் உழவர் பெருமக்களின் கண் ஏரியின் நீர்மட்டத்தின் மேல்தான் இருக்கும். கலுங்கு வழியுமா, மதகு திறப்பது எப்போது, சம்பாப் பயிருக்குக் கடைசி வரை தண்ணீர் எட்டுமா என்ற கவலைகளுக்கு நடுவே, அதே ஏரியில் வந்து இறங்கும் விருந்தாளிகளைப் பலர் கவனிப்பதில்லை. "குருவி வந்திருக்கிறது" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அரிய பறவைகளைப் பார்க்க வேண்டுமானால் பஸ் ஏறி வேடந்தாங்கலுக்கோ கோடியக்கரைக்கோ போகவேண்டும் என்ற எண்ணமும் பரவலாக உள்ளது.

வேடந்தாங்கலும் ஒரு பாசன ஏரிதான். அதன் பரப்பு ஏறத்தாழ 75 ஏக்கர். அதைவிடப் பெரிய ஏரிகள் நம்மில் பலருடைய ஊரிலேயே இருக்கின்றன. கூந்தன்குளம், கரைவெட்டி, வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், சித்திரங்குடி, திருப்பூர் நஞ்சராயன் குளம் ஆகிய எல்லாமே வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச நம் முன்னோர் கட்டிய நீர்நிலைகள். இன்று இவை ராம்சர் என்னும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் இடம் பெற்றுள்ளன. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் ஆகிய இரண்டும் சேர்ந்தபோது, தமிழ்நாட்டில் இத்தகைய இடங்களின் எண்ணிக்கை 20 ஆயிற்று. இவற்றில் கண்மாயும் ஏரியும் குளமுமே அதிகம். ஆகவே, அரிய பறவை உங்கள் ஏரிக்கு வருமா என்று சந்தேகப்பட வேண்டியதில்லை. வந்ததைப் பார்த்தவர் உண்டா, பார்த்ததை எழுதி வைத்தவர் உண்டா என்பதே கேள்வி.

எந்த மாதம், எந்த இடம்?

சைபீரியா, மங்கோலியா, திபெத், மத்திய ஆசியப் புல்வெளிகள் ஆகிய இடங்களில் குஞ்சு பொரித்த பறவைகள், அங்கே பனி உறையத் தொடங்கியதும் தெற்கே கிளம்புகின்றன. எல்லாம் ஒரே நாளில் வருவதில்லை. முதலில் வருபவை உள்ளான்கள். ஆவணி பிற்பாதியிலேயே இவை நம் ஏரிகளில் தென்படும். அப்போது ஏரி ஏறக்குறைய வற்றி, நடுவில் மட்டும் குட்டைபோல் நீர் நிற்கும். சுற்றிலும் ஈரச்சேறு. உள்ளானுக்கு வேண்டியது அந்தச் சேறுதான். அதில் நெளியும் புழுவையும் பூச்சிகளின் இளம்பருவத்தையும் அலகால் குத்தித் தின்னும். 25 கிராம் எடையே உள்ள கொசு உள்ளான் வடதுருவத்தை ஒட்டிய சைபீரியாவிலிருந்து வந்து நம் ஊர்க் கண்மாயின் சேற்றில் மேய்வதைப் பார்த்தால் வியப்பாக இருக்கும்.

ஐப்பசியில் மழை பெய்து ஏரி நிரம்பியதும் சேறு நீருக்குள் போய்விடுகிறது. உள்ளான்களைக் காணோம் என்று பலர் இந்தக் கட்டத்தில் தேடுவதை விட்டுவிடுவார்கள். அவை எங்கும் போய்விடவில்லை. ஏரிக்குக் கீழே உள்ள வயலுக்கு இடம் மாறியிருக்கும். நடவுக்குச் சேறு கலக்கிய வயல், பரம்படித்து நாற்று நடாமல் கிடக்கும் வயல், நட்டு ஒரு வாரமான வயல் ஆகிய இவைதாம் அப்போது உள்ளான் பார்க்கும் இடம். வரப்பில் நின்று பொறுமையாகப் பார்த்தால் பொரி உள்ளான், பச்சைக்கால் உள்ளான், உப்புக்கொத்தி, மஞ்சள் வாலாட்டி எல்லாம் ஒரே வயலில் கிடைக்கும். கோரை உள்ளானை மட்டும் எளிதில் காண முடியாது. நிறத்தால் மண்ணோடு மண்ணாகப் பதுங்கியிருந்து, காலடியில் மிதிபடும் தறுவாயில் கத்திக்கொண்டு வளைந்து வளைந்து பறக்கும்.

ஏரி நிரம்பிய பின் வருபவை வாத்துகள். இவற்றில் முந்தி வருவது நீலச்சிறகி. பிறகு ஊசிவால் வாத்து, தட்டைவாயன், கிளுவை ஆகியன. முக்குளிக்காமல் தலையை மட்டும் நீருக்குள் விட்டு மேயும் வாத்துகள் இவை. ஆதலால் ஒரு முழத்துக்கு உட்பட்ட ஆழமே இவற்றுக்கு ஏற்றது. கரை ஓரத்து ஆழத்தில் இவற்றைத் தேடிப் பயனில்லை. நீர் வந்து சேரும் பக்கம், அதாவது ஏரியின் உள்வாயில் கோரையும் அல்லியும் முளைத்த சரிவான ஓரத்தில்தான் தேட வேண்டும். ஆழமான இடத்தில் நாமக்கோழியும் முக்குளிப்பானும் நீர்க்காகமும் இருக்கும்.

பெரிய அணைகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அணையின் மதிற்சுவர்ப் பக்கம் நின்று பார்ப்பதில் பலன் குறைவு. ஆறு அணைக்குள் நுழையும் வால்பகுதியில்தான் ஆழம் குறைந்து, மேடும் பள்ளமுமாக இருக்கும். பறவையும் அங்கேதான் சேரும். நீருக்கு நடுவே நிற்கும் பட்டமரம் ஏதாவது இருந்தால் அதன் உச்சிக் கிளையை மறக்காமல் பாருங்கள். விரால் அடிப்பான் என்ற பருந்து அதில் உட்கார்ந்திருக்கலாம். அந்தரத்தில் சிறகடித்து நின்று, கால்களை முன்னே நீட்டி நீரில் விழுந்து மீனோடு எழும். மீனைத் தவிர வேறு எதையும் அது பெரும்பாலும் தொடுவதில்லை.

கரையில் எங்கே நிற்பது?

நம் மாநிலத்தின் சமவெளியில் நிலம் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது. எனவே ஏரிகளின் கரை கிழக்குப் பக்கத்திலும், நீர்ப்பரப்பு அதற்கு மேற்கிலும் அமைந்திருப்பதே வழக்கம். இது பறவை பார்ப்பவருக்கு நல்ல வசதி. காலையில் கரைமேல் ஏறி நின்றால் வெயில் முதுகில் விழும். எதிரே உள்ள பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். அதே கரையிலிருந்து மாலையில் பார்த்தால் எல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். மாலையில் போவதானால் உள்வாய்ப் பக்கம் போய்விடுங்கள். சூரியன் எழுந்த பிறகு இரண்டு மணி நேரம் மிக நல்ல சமயம். கரையின் முகட்டில் உடல் முழுவதும் தெரியும்படி நின்றால் வாத்துக் கூட்டம் எதிர்க்கரைக்கு நகர்ந்துவிடும். ஒரு பனைமரத்தையோ கருவேல மரத்தையோ ஒட்டி நில்லுங்கள். பைனாகுலர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பொறுமை பாதி வேலையைச் செய்துவிடும்.

கூட்டத்தைப் பார்க்கும்போது அங்கும் இங்கும் கண்ணை ஓட்டக் கூடாது. ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரம் வரை, நாற்றங்காலில் களை பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகவேண்டும். நாற்றங்காலில் கலப்பு நெல்லை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? உயரத்தில், இலை நிறத்தில், தூரின் சாயலில் ஏதோ ஒன்று மற்றவற்றோடு ஒட்டாமல் நிற்கும். அரிய பறவையும் அப்படித்தான் கண்ணில் படும். 200 நீலச்சிறகிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் அளவில் சிறியது, அல்லது கழுத்து நீண்டது, அல்லது மேயும் விதம் வேறு என்றால் அங்கே நிறுத்துங்கள். நின்ற இடத்தில் நீந்திக்கொண்டே பம்பரம்போல் சுற்றும் சிறு உள்ளான் ஒன்று உண்டு. கடலோர உப்பளங்களில் காணப்படும் அது உள்நாட்டு ஏரிக்கு வருவது அபூர்வம். சுற்றும் பழக்கம் ஒன்றே அதைக் காட்டிக் கொடுத்துவிடும். இதனால்தான், சாதாரணப் பறவைகளை நன்றாகத் தெரிந்துகொள்ளாமல் அரிய பறவையைத் தேடக் கூடாது என்று நாங்கள் எப்போதும் சொல்வது.

சேற்றுப் பூனைப்பருந்து ஏரிமேல் தாழப் பறந்து வரும்போது கவனமாக இருங்கள். அத்தனை வாத்தும் ஒரே நேரத்தில் எழும்பும். கோரைக்குள் மறைந்திருந்தவையும் வெளியே வரும். அரை மணி நேரம் தேடியும் காணாததை அந்த ஒரு நிமிடத்தில் காணலாம்.

படத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்

புத்தகங்களில் ஆண் வாத்துகளின் படம் பளிச்சென்று இருக்கும். நீலச்சிறகி ஆணுக்குக் கண்ணின் மேல் அகன்ற வெள்ளைப் புருவம், தட்டைவாயன் ஆணுக்குப் பச்சைத் தலை என்று போட்டிருப்பார்கள். ஐப்பசியில் ஏரிக்குப் போனால் இவை எதுவும் தெரியாது. குஞ்சு பொரிக்கும் பருவம் முடிந்ததும் ஆண் வாத்துகள் இறகு உதிர்த்துப் பெட்டையைப் போலப் பழுப்பு நிறமாகிவிடுகின்றன. அந்தக் கோலத்தில்தான் அவை நம் ஊருக்கு வருகின்றன. அந்த ஆண்டு பிறந்த இளம் பறவைகளும் பழுப்பாகவே இருக்கும். எனவே நிறத்தை நம்பாமல் உருவத்தைப் பாருங்கள். கரண்டிபோல் முனை அகன்ற அலகு தட்டைவாயனுக்கு. நீண்ட கழுத்தும் கூரிய வாலும் ஊசிவால் வாத்துக்கு. பறக்கும்போது சிறகின் முன்பாதி நீலச்சாம்பலாகத் தெரிந்தால் நீலச்சிறகி. மார்கழி, தை மாதங்களில் ஆண்கள் மறுபடி வேடம் கட்டிக்கொள்ளும்.

செங்கால் நாரை விஷயத்தில் ஏற்படும் குழப்பம் வேறு வகை. வயலில் நிற்கும் நத்தைகுத்தி நாரையையும் மஞ்சள்மூக்கு நாரையையும் "செங்கால் நாரை" என்று சொல்லிவிடுகிறார்கள். புலவர் பாடிய பறவையைப் பார்த்துவிட்டோம் என்ற மகிழ்ச்சியைக் கெடுக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. உண்மையான செங்கால் நாரை தூய வெள்ளை. சிறகின் பின்பாதி மட்டும் கறுப்பு. அலகு, கால் இரண்டும் சிவப்பு. அது நம் ஊரில் கூடு கட்டுவதில்லை. குளிர் மாதங்களில் மட்டும் தரிசிலும் உழுத நிலத்திலும் வெட்டுக்கிளி பிடித்துத் தின்றுகொண்டு நிற்கும். இப்போது தமிழ்நாட்டில் அது அரிதாகவே காணப்படுகிறது. கண்டால் கட்டாயம் எழுதி வையுங்கள்.

வரித்தலை வாத்துக்கு இந்தச் சந்தேகமே வராது. வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டைகள் குறுக்காக ஓடும். இமயமலையைத் தாண்டி வரும் இந்தப் பறவை 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பறந்தது கருவி கட்டிப் பதிவாகியுள்ளது. கூந்தன்குளம், கரைவெட்டி ஏரிகளுக்கு இது வருவது பலருக்கும் தெரியும். ஆனால் சற்றுப் பிந்தியே வரும்; கார்த்திகைக் கடைசியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கலாம்.

தோப்பும் பூங்காவும்

ஏரி இல்லாத ஊர்க்காரர்கள் மனம் தளர வேண்டாம். நகராட்சிப் பூங்கா, கோயில் நந்தவனம், மாந்தோப்பு, பள்ளிக்கூட வேலி ஆகிய இடங்களுக்கும் விருந்தாளிகள் உண்டு. புரட்டாசி, ஐப்பசியில் ஆறுமணிக் குருவி வருகிறது. பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு, கட்டை வால். காலையும் மாலையும் ஆறு மணி அளவில் குரல் கொடுப்பதால் இந்தப் பெயர். மரத்தில் அண்ணாந்து தேடினால் அகப்படாது. புதர் அடியில், சருகு கிடக்கும் ஈரத்தரையில் தத்தித் தத்திப் போகும். பூங்காவில் சருகைக் கூட்டிக் கொளுத்துவது வழக்கமாகிவிட்டது. ஒரு மூலையிலாவது சருகை விட்டுவைத்தால் அங்கே ஆறுமணிக் குருவி மேயும். மண்ணுக்கும் மக்கு கிடைக்கும்.

இரவில் பறந்து வரும் இக்குருவி, களைத்துப் போய் விளக்கு வெளிச்சத்தில் தடுமாறி வீட்டுக்குள் விழுவதுண்டு. காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்து, யாரும் தொந்தரவு செய்யாமல் சில மணி நேரம் விட்டு, தெளிந்ததும் மரமடர்ந்த இடத்தில் விட்டுவிடலாம். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம். அடிபட்டிருந்தால் வனத்துறையினரிடம் ஒப்படைக்க வேண்டும்.

வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர்கள் கொடிக்கால் வாலாட்டியைத் தேடலாம். பெயரே சொல்கிறது, நிழலும் ஈரமும் உள்ள இடமே அதற்குப் பிடிக்கும். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது பக்கவாட்டில் ஆட்டும். மானாவாரிக் கரிசலில் சோளம் போட்டவர்களுக்குச் சூறைக்குருவியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ரோஜா நிற உடலும் கறுப்புத் தலையுமாகக் கூட்டம் கூட்டமாக வந்து கதிரில் விழும். சோளத்துக்குச் சேதம் உண்டு என்பது உண்மை. வெட்டுக்கிளியையும் புழுவையும் அதே கூட்டம்தான் தின்கிறது என்பதும் உண்மை.

இந்த இடத்தில் பயிர்ச்சேதம் பற்றி நேராகவே பேசிவிடலாம். நட்ட பயிரை முறித்துப் போடுவது நீலத் தாழைக்கோழி. அது வெளிநாட்டு விருந்தாளி அன்று. ஆண்டு முழுவதும் உங்கள் ஏரியின் கோரையிலேயே இருப்பது. அதன் பழியை வந்த வாத்துகள்மேல் போட்டு, நஞ்சு கலந்த நெல்லை வரப்பில் வைப்பவர்கள் இன்னும் சில இடங்களில் இருக்கிறார்கள். இது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதோடு, அந்த நெல்லைத் தின்று செத்ததை நாயும் கீரியும் ஆந்தையும் தின்று சாகும், எலி பெருகும். குருணை மருந்து இட்டால் 3, 4 நாள்களுக்கு வயல் நீரை வடிக்காமல் கட்டுங்கள். மருந்து பயிருக்கு முழுமையாகப் போய்ச் சேரும். வாய்க்கால் வழியே அடுத்த குளத்துக்கும் போகாது. சிந்திய குருணையைத் தானியம் என்று பறவை பொறுக்கும். ஆதலால் வரப்பில் சிந்தியதை மண் போட்டு மூடிவிடுங்கள்.

நோட்டுப் புத்தகத்தின் பயன்

பார்த்ததை எழுதுங்கள் என்று சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். வரவு செலவு எழுதவே நேரமில்லை என்கிறார்கள். ஏரிக்கு ஆபத்து வரும்போதுதான் அந்த எழுத்தின் அருமை தெரியும்.

வேடந்தாங்கலில் நாரைகளைச் சிப்பாய்கள் சுட்டபோது ஊர் மக்கள் செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டு, 1798ஆம் ஆண்டில் எழுத்து மூலமாக உத்தரவு பெற்றார்கள். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. திருப்பூரை ஒட்டிய நஞ்சராயன் குளம் சாயக்கழிவால் துன்பப்பட்ட குளம். அங்கே என்னென்ன பறவை வருகிறது என்று உள்ளூர் ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் பட்டியல் எழுதி வந்தார்கள். 2022இல் அது பறவைகள் சரணாலயமாகவும், 2024இல் ராம்சர் தலமாகவும் ஆனது.

எல்லா ஏரியும் சரணாலயம் ஆகவேண்டியதில்லை. ஆனால் எல்லா ஏரியிலும் இன்று தூர்வாரும் வேலை நடக்கிறது. வண்டல் எடுப்பது நல்லது. வயலுக்கு அதைவிட நல்ல உரம் குறைவு. பொக்லைன் எந்திரத்தைக் கொண்டு ஓரம் முதல் ஓரம் வரை செங்குத்தாக ஒரே ஆழத்துக்கு வெட்டுவதுதான் கெடுதல். அதன் பிறகு அந்த ஏரியில் முழ ஆழத்து நீரும் இருக்காது, ஈரச்சேறும் இருக்காது. தண்ணீர் நிறைய இருக்கும். நாமக்கோழியைத் தவிர வேறு பறவை இருக்காது. வண்டல் எடுக்கும் திட்டம் ஊரில் பேசப்படும்போது, உள்வாய் ஓரத்தைச் சரிவாக விடவேண்டும், பறவை கூடு கட்டும் கருவேல மரங்களையும் நீர்க்கடம்பு மரங்களையும் கூடு காலியாகும் வரை ஏலம் விடக்கூடாது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. "என்ன பறவை வருகிறது, எங்கே கூடு கட்டுகிறது?" என்று அதிகாரி திருப்பிக் கேட்டால் மூன்று ஆண்டு நோட்டுப் புத்தகத்தை மேசைமேல் வைக்கலாம். வெறும் வாய்ப்பேச்சுக்கு இல்லாத மதிப்பு அதற்கு இருக்கும்.

எழுதுவது கடினமன்று. நாள், நேரம், ஏரியின் பெயர், நீர்மட்டம் (மதகிலிருந்து எத்தனை அடி என்றால் போதும்), பறவையின் பெயர், எண்ணிக்கை. பெயர் தெரியாவிட்டால் அடையாளத்தை எழுதுங்கள். வாரம் ஒரு நாள், அதே இடத்தில் நின்று எண்ணுங்கள். ஒன்றுமே இல்லாத நாளிலும் "ஒன்றுமில்லை" என்று எழுதவேண்டும். பள்ளி மாணவர்களிடம் இந்தப் பொறுப்பை விட்டால் நம்மைவிட நன்றாகவே செய்கிறார்கள். தை மாதத்தில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் நடந்து வருகிறது. வனத்துறையும் ஆண்டுதோறும் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறது. ஐப்பசியிலிருந்து எழுதி வந்தவர்களுக்கு அதில் சேருவது எளிது.

தீபாவளியும் இந்த மாதத்தில்தான் வருகிறது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகப் பல ஆண்டுகளாகப் பட்டாசு வெடிப்பதில்லை. அந்த அளவுக்கு முடியாவிட்டாலும், ஏரிக்கரையில் வெடிப்பதையாவது தவிர்க்கலாம்.

புயல் கடந்த மறுநாள் ஏரிக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். நடுக்கடலில் வாழும் பறவைகள் காற்றில் அடித்துக்கொண்டு வந்து உள்நாட்டு நீர்நிலைகளில் ஒதுங்கும். கரையோர மீனவர்களே எப்போதாவது காணும் பறவையை நீங்கள் உங்கள் ஊர்க் குளத்தில் பார்க்கக்கூடும். ஓரிரு நாளில் அவை போய்விடும்.

கடைசியாக, பறவையின் காலில் வளையமோ கழுத்தில் பட்டையோ இருக்கிறதா என்று பாருங்கள். மங்கோலியாவில் கழுத்துப் பட்டை கட்டிய வரித்தலை வாத்து நெல்லைச் சீமையில் காணப்பட்டதுண்டு. பட்டையின் நிறம், அதில் உள்ள எழுத்து, எண், வளையம் எந்தக் காலில் என்பவற்றைக் குறித்து, செல்போனில் படமும் எடுத்து, வனச்சரக அலுவலகத்துக்கோ பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கோ தெரிவித்தால், அது எங்கே, எந்த ஆண்டு வளையமிடப்பட்டது என்று கண்டறிய முடியும். எண்ணைப் படிக்க முடியாமல் போனால் நிறத்தை மட்டும் எழுதினாலும் பயனுண்டு. செத்துக் கிடக்கும் பறவையை வெறும் கையால் தொட வேண்டாம். ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால், பறவைக் காய்ச்சலாக இருக்கக்கூடும். அன்றே கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் கொடுத்து, வீட்டுக் கோழிகளை அந்தப் பக்கம் விடாமல் அடைத்து வையுங்கள்.